பாட்டுக்குப் பட்டா: கர்ட்டிஸ் மேஃபீல்டின் இசைவாழ்வும் உரிமை வரலாறும்



1909-ஆம் ஆண்டு அமெரிக்கா ஒரு பதிப்புரிமைச் சட்டம் இயற்றியது. ஒரு பாட்டை இசைத்தட்டில் பதித்து விற்றால், விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் அந்தப் பாட்டின் உரிமையாளருக்கு இரண்டு சென்ட் கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. நாட்டின் விலைவாசி பல மடங்கு ஏறியது. இரண்டு உலகப் போர்கள் வந்து போயின. அந்த இரண்டு சென்ட் மட்டும் 1977 முடியும்வரை ஏறவே இல்லை.

சட்டத்தில் உள்ள 'உரிமையாளர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். பாட்டைக் கட்டியவருக்கு என்று சட்டம் சொல்லவில்லை. இசைத்தொழிலின் நடைமுறையில் அந்த இரண்டு சென்ட் இரண்டாகப் பிரியும். ஒரு சென்ட் பாட்டை எழுதியவருக்கு. ஒரு சென்ட் பாட்டின் பதிப்பாளருக்கு. பதிப்பாளர் என்பவர் பாட்டின் உரிமைப் பத்திரத்தைக் கையில் வைத்திருப்பவர். பத்து லட்சம் தட்டு விற்றால் 20,000 டாலர். அதில் பாதி, ஒரு சொல்லும் எழுதாத, ஒரு சுரமும் பாடாத பத்திரக்காரருக்குப் போகும். மீதிப் பாதியாவது எழுதியவருக்குப் போனதா என்றால், கறுப்பினக் கலைஞர்கள் விஷயத்தில் அதுவும் பல நேரங்களில் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு போதும். 1955-இல் சக் பெர்ரியின் 'மேபலீன்' வெளிவந்தது. பாட்டைக் கட்டியவர் பெர்ரி. தட்டு வெளிவந்தபோது எழுதியவர்களாக மூன்று பெயர்கள் இருந்தன. மற்ற இருவரில் ஒருவர், வானொலியில் பாட்டுகளை ஒலிபரப்பிப் புகழ்பெற்ற ஆலன் ஃப்ரீட். இன்னொருவர் ரஸ் ஃப்ராட்டோ, இசைத்தட்டு நிறுவனத்தாரோடு கொடுக்கல் வாங்கல் உறவில் இருந்த வணிகர். மூவரும் சமமாகப் பிரித்தால் ஒரு தட்டுக்குப் பெர்ரிக்குச் சேர வேண்டியது ஒரு சென்டில் மூன்றிலொரு பங்கு. தன் பாட்டு முழுவதும் தன் பெயருக்குத் திரும்ப அவர் 1986 வரை காத்திருந்தார்.

இன்னொரு தடையும் இருந்தது. அன்று பாட்டைப் பதிவுசெய்ய வேண்டுமானால் அதை இசைக்குறிப்பாகத் தாளில் எழுதி, பதிப்புரிமை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. பாடிப் பதிந்த ஒலி, பாட்டைப் பதிவுசெய்யப் போதவில்லை. பருத்திக் காட்டிலும் தேவாலயத்திலும் காதால் கேட்டு இசை கற்ற மக்களுக்கு இசைக்குறிப்பு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்தவர் ஒருவர் நடுவே வருவார். வந்தவர் தன் பெயரையும் சேர்த்துக்கொள்வார். நிலத்தை உழுதவன் ஒருவன், கர்ணத்தின் கணக்கில் பெயர் ஏறியவன் வேறொருவன் என்ற கதையை அறிந்த நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அனுபவம் நம்முடையது, பட்டா அவர்களுடையது.

இந்த ஏற்பாட்டைத் தன் இளம்வயதிலேயே புரிந்துகொண்டு, பாட்டின் பட்டாவைத் தன் பெயரில் வாங்கிய ஒரு கறுப்பினப் பாடகரின் வாழ்வை இந்த நினைவுரைக்குப் பொருளாக எடுத்துக்கொள்கிறோம். அவர் பெயர் கர்ட்டிஸ் மேஃபீல்ட். பாடல் எழுதியவர், பாடியவர், கிட்டார் வாசித்தவர், குழுவை நடத்தியவர், சொந்தமாகப் பதிப்பகமும் இசைத்தட்டு நிறுவனமும் வைத்திருந்தவர். கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்டம் பாடிய பாட்டுகளில் பல அவருடையவை.

அவரை நாம் ஏன் பேச வேண்டும்? 1946-இல் பாபாசாகேப் அம்பேத்கர், கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த மனுவின் படியைக் கேட்டு எழுதிய கடிதம் அது. அவர்கள் செய்ததை நாமும் பார்த்துக் கற்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. அந்தக் கடிதப் போக்குவரத்து நின்றுவிடக் கூடாது.

கறுப்புக் கட்டைகள்

மேஃபீல்ட் 1942 ஜூன் 3 அன்று சிகாகோவில் பிறந்தார். தெற்கு மாநிலங்களின் சாதியொத்த இனவெறியிலிருந்து தப்பி வடக்கு நோக்கி ரயிலேறிய லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் வந்திறங்கிய நகரம் அது. வந்தவர்களுக்கு வேலை கிடைத்தது, வாக்குரிமை கிடைத்தது. வீடு மட்டும் அவர்களுக்கென்று ஒதுக்கிய பகுதியில்தான் கிடைத்தது. ஊரையும் சேரியையும் பிரிக்கும் கோடு அங்கே சட்டப் புத்தகத்தில் இல்லாவிட்டாலும் வீட்டுப் பத்திரங்களிலும் வங்கிக் கடன் தாள்களிலும் இருந்தது. மேஃபீல்ட் வளர்ந்த கப்ரினி அரசுக் குடியிருப்பு பின்னாளில் வறுமைக்குப் பெயர்போன இடமாகியது.

தந்தைவழிப் பாட்டி ஒரு சிறு தேவாலயத்தில் ஊழியம் செய்தவர். பேரன் அங்கேதான் பாடக் கற்றான். அந்தத் தேவாலயப் பாடகர் குழுவில் உடன் பாடியவர் ஜெர்ரி பட்லர். பியானோவில் காதால் கேட்டு வாசிக்கத் தொடங்கிய மேஃபீல்டுக்குக் கறுப்புக் கட்டைகளே கைக்கு வசப்பட்டன. பின்பு கிட்டார் கிடைத்தபோது அதன் நரம்புகளை எப்படிச் சுருதி கூட்டுவது என்று சொல்லித்தர ஆளில்லை. பியானோவின் கறுப்புக் கட்டைகள் தரும் ஒலிகளுக்கு ஏற்ப அவரே நரம்புகளை முறுக்கிக்கொண்டார். உலகத்தார் வாசிக்கும் முறை வேறு என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் மாற்றிக்கொள்ளவில்லை. வாழ்நாள் முழுவதும் அந்தச் சுருதியிலேயே வாசித்தார். அவருடைய கிட்டாரின் தனித்த ஓசையைப் பலர் பின்பற்ற முயன்றார்கள்.

பறை அடிக்கும் முறையை நம் பெரியவர்களும் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. கற்றுத்தர ஆளில்லாத இடத்தில் தானே ஒரு முறையை வகுத்துக்கொள்வது ஒடுக்கப்பட்டவர் கலையின் வழி. அதைக் குறைபாடு என்று சொல்லுகிறவர்கள், பயன் வரும்போது அதையே 'மண்ணின் ஓசை' என்று எடுத்துக்கொள்வார்கள்.

யார் பெயர் முன்னால்?

1958-இல் 'தி இம்ப்ரஷன்ஸ்' என்ற குழு தன் முதல் வெற்றிப் பாட்டைப் பதித்தது. மேஃபீல்டுக்கு அப்போது பதினாறு வயதுகூட நிறையவில்லை. தட்டு வெளிவந்தபோது அதன் மேல் 'ஜெர்ரி பட்லரும் இம்ப்ரஷன்ஸும்' என்று அச்சாகியிருந்தது. குழுவாகப் பாடியவர்களில் ஒருவர் பெயரை மட்டும் முன்னால் வைத்தது நிறுவனம். குழுவுக்குள் மனக்கசப்பு வந்தது. பட்லர் தனியே போனார். பாட்டு வெளியிட்ட வீ-ஜே நிறுவனம் கறுப்பினத் தம்பதியான விவியன் கார்ட்டரும் ஜேம்ஸ் பிராக்கனும் நடத்தியது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. முதலாளியின் நிறம் நம்முடையதாக இருந்தால் ஏற்பாடும் நம்முடையதாகிவிடாது.

பட்லர் போனபின் குழு திசையற்று நின்றது. மேஃபீல்ட் நண்பர் பட்லருக்கே கிட்டார் வாசித்து ஊர் ஊராகப் போனார். அவருடன் சேர்ந்து பாட்டு எழுதினார். 1960-இல் வந்த 'ஹீ வில் பிரேக் யுவர் ஹார்ட்' கறுப்பின இசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்தப் பயணங்களில் சேர்த்த பணத்தைக் கொண்டு குழுவை மீண்டும் கூட்டி நியூயார்க்குக்கு அழைத்துப்போனார். 1961-இல் ஏபிசி-பாரமவுண்ட் நிறுவனத்துக்காகப் பதித்த 'ஜிப்ஸி வுமன்' பெரிய வெற்றி பெற்றது. பின்னர் சாம் கூடன், ஃபிரெட் கேஷ், மேஃபீல்ட் என்று மூவர் குழுவாக இம்ப்ரஷன்ஸ் நிலைபெற்றது.

இந்தக் காலத்தில்தான், இருபது வயதையொட்டி, மேஃபீல்ட் அன்றைய கறுப்பினக் கலைஞர்களில் மிகச் சிலரே செய்த ஒன்றைச் செய்தார். மேலாளர் எடி தாமஸுடன் சேர்ந்து 'கர்ட்டாம்' என்ற பாட்டுப் பதிப்பகத்தைத் தொடங்கினார். கர்ட்டிஸில் பாதி, தாமஸில் பாதி. இனி அவர் எழுதும் பாட்டின் எழுதியவர் பங்கும் பதிப்பாளர் பங்கும் அவர் பக்கமே வரும். இரண்டு சென்டும் வீட்டுக்கு வரும்.

அவருக்கு முன்னோடியாக இருந்தவர் சாம் குக். 'கேக்ஸ்' என்ற பதிப்பகத்தையும் 'எஸ்.ஏ.ஆர்' என்ற இசைத்தட்டு நிறுவனத்தையும் அவர் கூட்டாளி ஜே. டபிள்யூ. அலெக்சாண்டருடன் நடத்தினார். 1964 டிசம்பரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது வயது 33. பின்னர் அவருடைய பாட்டுரிமைகள் மேலாளராக இருந்த ஆலன் க்ளைனின் நிறுவனத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. சம்பாதிப்பது ஒரு போராட்டம் என்றால், சம்பாதித்ததைக் காப்பாற்றுவது இன்னொரு போராட்டம்.

இந்த முடிவின் பொருளை நம் வரலாறே நமக்குச் சொல்லும். 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907-இல் பண்டிதர் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். 1920-இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கினார். மற்றவர் பத்திரிகையில் இடம் கேட்டு நிற்கக் கூடாது, அச்சு நம் கையில் இருக்க வேண்டும் என்பதே அவர்களின் முதல் தீர்மானமாக இருந்தது. ஒரு பைசா விலையில் அயோத்திதாசர் கட்டியெழுப்பியதை, இரண்டு சென்ட் கணக்கில் மேஃபீல்ட் செய்தார் என்று சொன்னால் மிகையில்லை.

இயக்கம் பாடிய பாட்டு

1964-இல் 'கீப் ஆன் புஷ்ஷிங்' வந்தது. அதே ஆண்டு ஜூலையில் குடிமை உரிமைச் சட்டம் நிறைவேறியது. 1965 தொடக்கத்தில் 'பீப்பிள் கெட் ரெடி' வந்தது. அடுத்த சில வாரங்களில் அலபாமாவின் செல்மாவிலிருந்து வாக்குரிமைக்கான நடைப்பயணம் புறப்பட்டது. பாட்டு தேவாலய மொழியில் பேசியது. அதில் வரும் ரயில், தெற்கிலிருந்து வடக்கே மக்களைக் கொண்டுவந்த ரயில்; அடிமைகளைத் தப்பவைத்த இரகசியப் பாதைக்கு மக்கள் வைத்த பெயரும் ரயில்தான். வெள்ளை வானொலி அதைப் பக்திப் பாட்டு என்று ஒலிபரப்பியது. கேட்க வேண்டியவர்கள் கேட்க வேண்டியதைக் கேட்டார்கள். சித்தர் பாட்டில் ஒரு பொருள் வெளியே, ஒரு பொருள் உள்ளே என்று அறிந்த நமக்கு இது புதிதன்று.

1966-இல் மார்ட்டின் லூதர் கிங் சிகாகோவுக்கே வந்து, கறுப்பினக் குடியிருப்பில் தங்கி, வீட்டுரிமைக்காகப் போராடினார். ஆகஸ்டில் மார்க்கெட் பூங்கா ஊர்வலத்தில் அவர் தலையில் கல் விழுந்தது. தெற்கில் மட்டுமே வெறி இருக்கிறது என்ற பொய் அன்று உடைந்தது. மேஃபீல்டின் மொழியும் மாறியது. 1967 முடிவில் வந்த 'வீ ஆர் எ வின்னர்' தேவாலயப் போர்வையைக் களைந்துவிட்டு நேரடியாகக் கறுப்பினப் பெருமையைப் பேசியது. சில வானொலி நிலையங்கள் அதை ஒலிபரப்ப மறுத்தன. மக்கள் வாங்கினார்கள். கறுப்பின இசைப் பட்டியலில் அது முதலிடம் பெற்றது.

இங்கே ஒரு கேள்வி. வேறு நிறுவனத்தின் ஒப்பந்தத்தில், வேறொருவர் பதிப்புரிமையில் இருந்திருந்தால், வானொலி மறுக்கும் என்று தெரிந்த பாட்டை அவர் எழுதியிருக்க முடியுமா? எழுதியிருக்கலாம், அடுத்த பாட்டுக்கு அனுமதி கிடைத்திருக்காது. பாட்டுரிமை அவர் கையில் இருந்தது. அடுத்த ஆண்டே அவர் இசைத்தட்டு நிறுவனத்தையும் தன் கைக்குக் கொண்டுவந்தார்.

சொந்தத் தட்டு, சொந்தக் குழு

1968 ஏப்ரல் 4 அன்று கிங் கொல்லப்பட்டார். நகரங்கள் எரிந்தன. அந்த ஆண்டில்தான் கர்ட்டாம் இசைத்தட்டு நிறுவனம் பிறந்தது. இங்கே இன்னொரு வேறுபாட்டை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பாட்டுக்கு ஓர் உரிமை. அந்தப் பாட்டைப் பாடிப் பதித்த ஒலிக்கு வேறோர் உரிமை. முதலாவது பதிப்பகத்திடம் இருக்கும். இரண்டாவது தட்டு நிறுவனத்திடம். மேஃபீல்ட் முதலில் ஒன்றைப் பெற்றார், பிறகு மற்றொன்றுக்குப் போனார். கர்ட்டாம் வெளியிட்ட 'திஸ் இஸ் மை கன்ட்ரி' இந்த நாட்டை அடிமையாக உழைத்துக் கட்டியவர்கள் இந்நாட்டுக்கு உரியவர்கள் என்று வாதாடிய பாட்டு. நிறுவனத்தின் பிறப்புக்கும் பாட்டின் வாதத்துக்கும் பொருத்தம் இருந்தது.

1970-இல் அவர் இம்ப்ரஷன்ஸை விட்டு வெளியேறித் தன் பெயரில் குழு அமைத்தார். 'கர்ட்டிஸ்' என்ற முதல் தொகுப்பு கறுப்பின இசைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அதிலுள்ள 'மூவ் ஆன் அப்' கடல் கடந்து பிரிட்டனில் வெற்றி பெற்றது. 1971 ஜனவரியில் நியூயார்க்கின் 'பிட்டர் எண்ட்' என்ற சிறிய அரங்கில் ஐவர் குழுவாக வாசித்ததை அப்படியே பதிந்து வெளியிட்டார். கிட்டார் இரண்டு, பேஸ் கிட்டார், டிரம்ஸ், மாஸ்டர் ஹென்றி கிப்சனின் காங்கா மேளம். பெரிய வாத்தியக் கூட்டம் இல்லை, அலங்காரம் இல்லை. மெல்லிய குரலில், ஏறக்குறையப் பேசுவதுபோல், அவர் கறுப்பினத் தெருக்களின் நிலையைப் பாடினார். கோபத்தைக் கத்தித்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை என்பதற்கு அந்தப் பதிவு சான்று.

1972-இல் இரண்டு நிகழ்வுகள். மே மாதம் பம்பாயில், ஓக்லாந்தின் கறுஞ்சிறுத்தைகளின் பெயரை எடுத்துக்கொண்டு தலித் சிறுத்தைகள் அமைப்பு உருவானது. சில வாரங்களில் அமெரிக்காவில் 'சூப்பர் ஃப்ளை' இசைத்தொகுப்பு வெளிவந்தது. படம் அதற்குப் பின்னால் வந்தது. கதாநாயகன் ஹார்லெமின் கொக்கேய்ன் வியாபாரி. படம் அவனைப் பகட்டாகக் காட்டியது. போதைப்பொருளுக்கு விளம்பரம் போல இருக்கிறது என்று மேஃபீல்ட் சங்கடப்பட்டார். படத்தை மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை, பாட்டு அவருடையது. அந்தப் பாட்டுகளில் அவர் வியாபாரியைப் புகழவில்லை. படத்தில் சிறு பாத்திரமாக வந்து செத்துப்போகும் ஃப்ரெடியை எடுத்து, அவன் சாவை முதல் பாட்டாக வெளியிட்டார். யாரும் அழாத ஒருவனுக்கான ஒப்பாரி அது.

'ஃப்ரெடீஸ் டெட்' மக்கள் பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறியது. தொகுப்பு அமெரிக்காவின் முதலிடம் பெற்றது. படம் ஈட்டியதைவிடப் பாட்டு அதிகம் ஈட்டியது. படத்துக்குள் அந்தப் பாட்டின் சொற்கள் பாடப்படாமல் இசை மட்டும் ஒலித்ததால் ஆஸ்கர் போட்டிக்குத் தகுதி இல்லை என்றார்கள். பரிசு வராவிட்டாலும் உரிமைத்தொகை வந்தது. கர்ட்டாம் பெயரிலேயே வந்தது.

பின்வந்த ஆண்டுகளில் பெண் பாடகர்களுக்காக அவர் எழுதிய திரைப்பாடல்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆறு பிள்ளைகளோடு அரசு உதவித்தொகையில் வாழும் ஹார்லெம் தாயின் கதையான 'க்ளாடின்' படத்துக்கு 1974-இல் கிளாடிஸ் நைட் பாடினார். 1976-இல் 'ஸ்பார்க்கிள்' பாடல்களை அரீதா ஃபிராங்க்லின் பாடினார். கறுப்பின ஆணின் வீரம் மட்டுமே பேசிய படங்களின் காலத்தில், சமையலறையும் உதவித்தொகை அலுவலகமும் அவருடைய பாட்டுக்குள் வந்தன.

படுத்தபடி பாடியவர்

1990 ஆகஸ்ட் 13. புரூக்ளினின் விங்கேட் திடலில் திறந்தவெளி நிகழ்ச்சி. பலத்த காற்று. மேஃபீல்ட் மேடையேறியதும் விளக்குச் சட்டம் சரிந்து அவர் மேல் விழுந்தது. கழுத்துக்குக் கீழே உடல் அசைவற்றது. அன்றோடு கிட்டார் கையைவிட்டுப் போனது. வயது 48.

எத்தனையோ கறுப்பினக் கலைஞர்களின் கதை இப்படிப்பட்ட இடத்தில் தருமத்துக்குக் கையேந்தும் கதையாக மாறியிருக்கிறது. நம் கூத்துக் கலைஞர்களின் கதையும் அதுதான். உடம்பு ஆடும்வரை கூலி. உடம்பு படுத்தால் நலநிதி விண்ணப்பம். மேஃபீல்டின் கைகால்கள் நின்றன. அவருடைய பாட்டுகள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தன. 'ஸ்பார்க்கிள்' படத்துக்காக அவர் எழுதிய பாட்டு ஒன்றை 1992-இல் என் வோக் என்ற பெண்கள் குழு பாடி மீண்டும் பட்டியலின் உச்சிக்குக் கொண்டுபோனது. ராப் கலைஞர்கள் அவருடைய பழைய பதிவுகளிலிருந்து துணுக்குகளை எடுத்துப் புதுப் பாட்டுக் கட்டினார்கள். இருபது வயதையொட்டி எடுத்த ஒரு முடிவு, ஐம்பது வயதில் படுக்கைக்கு வந்து அவரைத் தாங்கியது.

1996-இல் அவர் கடைசித் தொகுப்பை வெளியிட்டார். உட்கார்ந்தால் மூச்சு போதவில்லை. மல்லாந்து படுத்தால்தான் குரலுக்குக் காற்று வந்தது. படுத்தபடி, ஒவ்வொரு வரியாகப் பாடிப் பதிந்தார். 1999 டிசம்பர் 26 அன்று இறந்தார்.

தனியுடைமையின் எல்லை

இவரைப் போற்றுவதோடு நிறுத்தினால் இது வரலாறாகாது. கர்ட்டாம் சிறிய நிறுவனம். தட்டை அச்சிட்டுக் கடைகளுக்குக் கொண்டுசேர்க்கப் பெரிய நிறுவனங்களையே அது நம்பியிருந்தது. முதலில் புத்தா, 1975-இல் வார்னர், பிறகு வேறொன்று என்று கைமாறியது. 1980-இல் நிறுவனம் முடிந்தது. எடி தாமஸுடனான கூட்டும் அதற்கு முன்பே முடிந்திருந்தது. பாட்டுக்கு இசைக்கோவை அமைத்த ஜானி பேட்டுக்கும் மேஃபீல்டுக்கும் 'சூப்பர் ஃப்ளை' வாத்தியப் பகுதிகளில் யாருக்கு எவ்வளவு பெயர் என்பதில் பிணக்கு வந்தது. பட்டா கிடைத்தவன் தன் வயலில் வேலை செய்தவனுக்கு என்ன கொடுத்தான் என்ற கேள்வி எந்தப் பட்டாதாரையும் விடுவதில்லை. தனிமனிதர் பெற்ற உரிமை சமூகத்தின் உரிமையாகத் தானாக மாறிவிடாது.

அதற்கான அடுத்த அடியைச் சிகாகோவிலேயே இன்னொருவர் எடுத்துவைத்தார். ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சன். மிசிசிப்பியில் பிறந்து சிகாகோவுக்கு வந்தவர். அவருடைய பாட்டுகளின் பதிப்புரிமை பல பத்தாண்டுகள் மற்றவரிடம் இருந்தது. 1970-களில் வழக்காடி மீட்டார். 1985-இல் லெட் செப்பலின் என்ற புகழ்பெற்ற பிரிட்டிஷ் குழுவின் 'ஹோல் லாட்டா லவ்' தன் பாட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்று வழக்குத் தொடர்ந்தார். 1987-இல் சமரசமாயிற்று. அவர் தொடங்கிய 'ப்ளூஸ் ஹெவன்' அறக்கட்டளை, ஏமாற்றப்பட்ட முதிய ப்ளூஸ் கலைஞர்கள் தங்கள் உரிமைத்தொகையைக் கேட்டுப் பெற உதவியது. பின்னாளில் அந்த அறக்கட்டளை, அவருடைய பாட்டுகள் பதியப்பட்ட செஸ் நிறுவனத்தின் பழைய கட்டடத்திலேயே குடியேறியது. மேஃபீல்ட் தனக்கு ஒரு பட்டா வாங்கினார். டிக்சன் பட்டா இல்லாதவர்களுக்கு ஒரு தாலுகா அலுவலகம் திறந்தார். இரண்டையும் சேர்த்துத்தான் நாம் பாடமாகக் கொள்ள வேண்டும்.

ஒடுக்கப்பட்டவர்கள் ஒருவர் பாட்டை ஒருவர் எடுத்துக்கொள்ளும்போது எப்படி நடந்துகொள்ளலாம் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. ஜமைக்காவின் பாப் மார்லியும் அவருடைய 'வெய்லர்ஸ்' குழுவும் இம்ப்ரஷன்ஸைக் கேட்டு வளர்ந்தவர்கள். 1965-இல் அவர்கள் பாடிய 'ஒன் லவ்' பாட்டில் மேஃபீல்டின் சாயல் இருந்தது. 1977-இல் மீண்டும் பதித்தபோது தலைப்பில் 'பீப்பிள் கெட் ரெடி' சேர்ந்தது; எழுதியவர் வரிசையில் மேஃபீல்டின் பெயரும் சேர்ந்தது. உலகமே பாடும் அந்தப் பாட்டில் சிகாகோச் சேரிப் பிள்ளையின் பெயர் நிலைத்துவிட்டது.

நம் பாட்டின் பத்திரம்

இனி நம் பக்கம். 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் நம் மக்களின் நிலைமை குறித்து அறிக்கை எழுதினார். 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. கொடுத்த நிலத்தைப் பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன்பின் விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்க வேண்டும் என்று நிபந்தனை. பத்திரத்தில் நிபந்தனை இருந்தும் நிலம் கைமாறியது. 1994-இல் காரணையில் அதைக் கேட்டதற்காக ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். நிபந்தனையுடன் கொடுத்த நிலத்துக்கே இந்தக் கதி என்றால், எந்தப் பத்திரமும் இல்லாத நம் பாட்டுகளுக்கு என்ன ஆகியிருக்கும்?

நடவுப் பாட்டு, ஒப்பாரி, தாலாட்டு, கானா, பறையின் அடவுகள் எல்லாம் திரைக்குள் போனபோது, பல நேரங்களில் 'நாட்டுப்புறப் பாடல்' என்ற ஒரே சொல்லில் பாடியவரின் பெயர் கரைந்துபோனது. மரபு என்று சொல்லிவிட்டால் யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை. அந்த மரபைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டவருக்கு மட்டும் பணம் உண்டு.

சட்டம் எங்கே நிற்கிறது? 1957-இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் வந்தது. 1977-இல் உச்ச நீதிமன்றம், திரைப்படத்துக்காக எழுதிய பாட்டின் முதல் உரிமையாளர் மாற்று ஒப்பந்தம் இல்லாத நிலையில் தயாரிப்பாளரே என்று தீர்ப்பளித்தது. 2012-இல் சட்டம் திருத்தப்பட்டது. திரையரங்குக்கு வெளியே, வானொலி, தொலைக்காட்சி, இணையம் போன்றவற்றில் பாட்டு பயன்படும்போது வரும் ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உள்ள சமபங்கை அவர்கள் விட்டுக்கொடுக்கவே முடியாது. வாரிசுக்கோ உரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக்கொடுத்தாலும் செல்லாது. பஞ்சமி நில நிபந்தனையைப் போன்ற ஒரு நிபந்தனை இது. அதனால்தான் நாம் விழிப்போடு இருக்க வேண்டும் என்கிறோம்.

2018 ஜனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் மேடையேறியது. கானாவும் பறையும் ராப்பும் சேர்ந்த அந்தக் குழு, சாதிபேதமற்ற தமிழர் என்ற அயோத்திதாசரின் கருத்திலிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்டது. அந்தக் குழுவில் பாடிய அறிவு எழுதிப் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' 2021-இல் உலகமெங்கும் ஒலித்தது. அதே ஆண்டு ஓர் இசை இதழ் அந்தப் பாட்டை முன்னிட்டு அட்டைப்படம் வெளியிட்டபோது அதில் அறிவு இல்லை. எதிர்ப்பு எழுந்தது. அந்தப் பாட்டில் யாருடைய பங்கு எவ்வளவு என்று தீர்ப்பது இவ்வுரையின் வேலையன்று. நிலமற்றவர்களின் நினைவைப் பாடிய ஒரு பாட்டைச் சுற்றியே யாருக்குப் பெயர், யாருக்குப் பணம் என்ற கேள்வி எழுந்தது என்பதை மட்டும் குறிக்கிறோம். 1958-இல் சிகாகோவில் தட்டின் மேல் அச்சான பெயரைப் பார்த்து எழுந்த அதே கேள்வி.

ஆகவே தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் சில வேலைகளை முன்வைக்கிறோம். ஊரில் பாடும் பெரியவர்களிடம் பாட்டைப் பதிவுசெய்யப் போகும்போது, பாடியவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றை முதலில் எழுதுங்கள்; அந்தத் தாளின் ஒரு படி அவர் வீட்டில் இருக்கட்டும். புதிதாகப் பாட்டு எழுதும் இளைஞர்கள், மேடையேறுமுன் ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பாட்டுரிமை வேறு, ஒலிப்பதிவு உரிமை வேறு என்பதை மறவாதீர்கள். குழுவாகக் கட்டிய பாட்டென்றால், புகழ் வருவதற்கு முன்பே பங்கை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். புகழ் வந்தபின் நண்பர்களுக்கிடையே அந்தப் பேச்சு கடினம். நம் அமைப்புகளில் உள்ள வழக்குரைஞர்கள் நிலப் பத்திரம் பார்ப்பதுபோல் பாட்டுப் பத்திரமும் பார்க்க முன்வர வேண்டும். டிக்சன் சிகாகோவில் திறந்த அலுவலகம் போல் ஒன்று நமக்கும் தேவைப்படுகிறது. அதற்கு ஒரு மேசையும் ஒரு பதிவேடும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

மேஃபீல்ட் பிறந்த ஆண்டில் பட்டாவுக்கு விலை இரண்டு சென்ட். இன்று இணையத்தில் ஒரு முறை கேட்பதற்குக் கிடைப்பது மிகச் சிறு தொகைதான். தொகை சிறிது என்று விட்டுவிடக் கூடாது. சிறு தொகைகளின் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்பதில்தான் ஒரு மக்களின் பாட்டு யாருடையது என்பது எழுதப்படுகிறது. அந்தப் பதிவேட்டில் நம் மக்களின் பெயரை எழுதும் வேலையை இன்று தொடங்குவோம்.